ஒத்தை அண்ணாச்சியும் நான்கு ரத வீதிகளும்

திருநெல்வேலிச் சீமையில் என் பொறுமையை ஒத்தை அண்ணாச்சியைப் போலச் சோதித்த மனிதர் வேறொருவர் பிறந்ததில்லை. இனி ஒருவர் பிறந்தாலும் தாமிரபரணித் தண்ணீர் அவரை வளர்க்க ஒப்புக்கொள்ளாது. ஆண்டுகள் பல கடந்து இதை எழுத உட்கார்ந்த இந்நேரத்திலும் என் சினம் முழுமையாகவே இருக்கிறது என்பதை வாசகர்களுக்கு முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

அவருடைய இயற்பெயரை நான் அறியேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டவுனில் ஒரு கேபிள் டிவி நிறுவனம் இருந்தது. கம்பி இழுப்பது முதல் பழுது பார்ப்பது வரை அதன் தொழில்நுட்பம் முழுவதும் அவர் ஒருவர் தலைமேல் நின்றது. எப்பொருளாயினும் ஒன்று இருந்தால் போதும், இரண்டாவது என்பது மனிதனின் பேராசை என்பது அவருடைய கொள்கை. அவர் சைக்கிளில் ஒரே ஒரு பிரேக். சட்டையில் ஒரே ஒரு பை. திருப்புளி, பீடி, வெற்றிலை, தலைவலி மாத்திரை யாவும் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தின. ஐப்பசி மழையில் ஒரு காதில் மட்டும் பஞ்சு வைத்துக்கொண்டு வருவார். காரணம் கேட்டால், "காத்து ஒரு பக்கமாத்தானவே அடிக்கி?" என்று நம்மையே அறிவிலியாக்குவார்.

சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் அமரும் கொடுமை எனக்கு நேர்ந்தது. சாம்பார், ரசம், மோர், பாயசம் நான்கையும் ஒரே சோற்றுக் குவியலில் ஒரே நேரத்தில் ஊற்றச் சொன்னார். பரிமாறியவர் தயங்கினார். "ஊத்தும்வே, நேரமாவுதுல்லா?" என்று அதட்டினார். நான் என் இலையை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"அண்ணாச்சி, பாயசத்தில் ரசமா? இது அக்கிரமம்!"

"எல்லாம் ஒரே தொண்டை வழியாத்தான வாத்தியாரே போவுது? நாலுக்கும் நாலு ஓட்டையா வச்சிருக்கு?"

"நாக்கு என்று ஒன்று இருக்கிறதே!"

"அதத்தான் சொல்லுதேன். கலந்து அனுப்பினா என்ன? பிரிச்சு எடுக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் அங்கன உக்காந்திருந்தாப் போதும்."

எதிர் வரிசையில் இருவர் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து போயினர். அவர் அந்தக் குழம்பலை அடியோடு உண்டு, ஒவ்வொன்றிலும் என்ன குறை என்று தனித்தனியே தீர்ப்பும் சொன்னார். ரசத்தில் புளி தூக்கல் என்றார். தூக்கல்தான். அதுவும் என்னை எரிச்சல்படுத்தியது.

அவ்வாண்டு தேரோட்டத்தை நேரடியாக ஒளிபரப்புவது என்று கேபிள் நிறுவனத்தின் முதலாளி முடிவு செய்தார். நான்கு ரத வீதிகளிலும் நான்கு கேமராக்கள். பாளையங்கோட்டையில் தமிழாசிரியராக இருந்த என்னை வர்ணனை செய்ய அழைத்தார்கள். இடர் ஒன்றுதான். தேரோட்டத்தன்று ரத வீதிகளின் குறுக்கே ஒரு நூல்கூடத் தொங்கலாகாது. தேரின் உச்சிக்கு வழிவிட மின் கம்பிகளையே கழற்றிவிடுவார்கள் என்னும்போது கேபிள் கம்பி எம்மாத்திரம்? கேமராக்களின் கம்பிகள் கோயில் மதிலை ஒட்டி வந்து, வீதிகளின் உட்புறமிருந்த ஒரு பூக்கடையில் சேர்ந்தன. முதலாளி வீட்டு மாடியில் இருந்த ஒளிபரப்பு அறையோ வீதிக்கு வெளிப்புறம். இடையில் சாலைக்கு அடியில் கைவிடப்பட்ட பழைய தண்ணீர்க் குழாய் ஒன்று கிடந்தது. துருவேறிப் போன அதனுள் நான்கு கம்பிகள் நுழையா. சுண்டுவிரல் பருமனில் ஒன்றுதான் நுழையும்.

"ஒண்ணு போதும்வே," என்றார் ஒத்தை அண்ணாச்சி. அன்று அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை ஒரு மாப்பிள்ளையின் முகத்திலும் நான் கண்டதில்லை.

பம்பாயில் மூடப்பட்ட ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து முதலாளியை நச்சரித்து இரண்டு இரும்புப் பெட்டிகளை அவர் முன்பே வரவழைத்திருந்தார். நான்கு படங்களையும் வாங்கி ஒரே கண்ணாடி இழைக்குள் ஒளியாகச் செலுத்துவது ஒரு பெட்டி; மறுமுனையில் அவற்றைப் பிரித்துத் தருவது மற்றது. இஃது எவ்வாறு இயலும் என்று கேட்டேன்.

"ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு சுருதியில ஏத்திருதேன். நாலும் ஒரே வெளிச்சத்துல போவும். இங்கன உள்ள பெட்டி அதது சுருதியப் பிடிச்சு அததத் தனியா இறக்கிரும். ஒண்ணு மேல ஒண்ணு படாது."

ஆன்டெனாக் குடை பொருத்தச் சென்னையிலிருந்து வந்திருந்த பொறியாளர் சிரித்தார். "சார், நாலு சிக்னலுக்கு நாலு கேபிள் போடணும். இந்தப் பழைய டப்பாவ நம்பாதீங்க. ஒண்ணோட ஒண்ணு கலந்து கலீஜாயிடும்."

முதலாளி கலங்கிப் போனார். "வே அண்ணாச்சி, ஒரு படம் குழம்பினாலும் பெட்டி ரெண்டும் பழைய இரும்புக் கடைக்குப் போயிரும். நீரும் வேற சோலி பாத்துக்கிட வேண்டியதுதான், சொல்லிட்டேன்."

"சரி மொதலாளி," என்றார் அவர், குளிக்கப் போகச் சொன்னதைப் போல.

தேரோட்டத்துக்கு முந்தின நாள் ஒத்தை அண்ணாச்சி என்னிடம் வந்தார். "வாத்தியாரே, பெட்டியிலருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு வரிசையா நாலு டிவிக்குப் படம் வரும். மேல தெருப் பேர எழுதி ஒட்டிரும். உம்ம கையெழுத்துத்தான் லெச்சணமா இருக்கும்." இத்தகைய எடுபிடி வேலைக்கு என்னை ஏவிய துணிச்சலைச் சகித்துக்கொண்டு, நான்கு அட்டைகளில் திருத்தமாக எழுதி, முறைப்படி ஒட்டினேன்: கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு.

மறுநாள் தேர் புறப்பட்டது. நான்கு திரைகளிலும் படம் ஆற்றுத் தெளிநீரைப் போலத் துல்லியமாக விழுந்தது. ஒரு புள்ளி அழுக்கில்லை. கிழக்கு என்று எழுதியிருந்த திரையில் தேர் அசைந்து வந்ததை நான் உள்ளம் உருக வர்ணித்தேன். பின்னர்த் தேர் அத்திரையை விட்டு நீங்கி அடுத்த திரையில் தோன்றிற்று. அட்டையைப் பார்த்தேன். "இதோ, மேற்கு ரத வீதிக்கு எழுந்தருளுகிறது திருத்தேர்!" என்று முழங்கினேன்.

உடனே தொலைபேசி அலறியது.

"ஏன்வே, தேரு கிழக்கேருந்து தெக்கே வராம மேக்கே எப்பிடிவே போவும்? பறந்தா போச்சு? தெக்குத் தெருக்காரன் வடம் பிடிக்க ஆகாதவனா?"

இரும்புக் கடைக்காரர் ஒருவரின் தலைமையில் தெற்கு ரத வீதியினர் எட்டுப் பேர் மாடிப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தனர். தங்கள் வீதியைத் தேர் புறக்கணித்ததாக ஊர் முழுவதற்கும் அறிவித்தவன் யார் என்று அவர்கள் அறிய விரும்பினர். நான் குடியிருந்ததும் அந்த வீதியில்தான். கேமரா உயரத்தில் இருந்தபடியால் திரையில் தேரின் உச்சியும் மனிதத் தலைகளுமே தெரிந்தன என்பது உண்மை. முப்பது ஆண்டுகள் நடந்த தெருவை அடையாளம் காணாமல் அட்டையை நம்பினேன் என்பதும் உண்மை.

"நான் சொல்லல? கலந்துடுச்சு!" என்றார் சென்னைப் பொறியாளர். முதலாளி ஆளனுப்ப, பூக்கடையில் மற்றப் பெட்டியருகே இருந்த ஒத்தை அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். திரைகளைப் பார்த்தார். அட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கம்பிகளை மாட்டியிருந்தது தேர் வலம் வரும் வரிசையில்: கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. நான் ஒட்டியிருந்தது பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் வரிசையில். தேரோட்டத்து ஊரில் திசைகளுக்கு எது வரிசை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

"நாந்தான் மாத்தி மாட்டிட்டேன் மொதலாளி," என்றார். தெற்கு வீதியினர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "தப்பு என்னுது அண்ணாச்சி. தேரு உங்க தெருவுலதான் நிக்கி. ஓடிப் போயி வடத்தப் பிடிங்க."

எல்லாரும் அவரை ஏசுவதில் ஈடுபட்டிருந்தபோது, கம்பி எதையும் தொடாமல், மூன்று அட்டைகளைப் பிய்த்துப் பைய இடம் மாற்றி ஒட்டினார். அதை நான் ஒருவன்தான் கண்டேன். வாய் திறக்கவில்லை. எனக்கு முன்னால் மைக் இருந்தது என்று அன்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். வர்ணனைக்கு இடையே பேசவா முடியும்? அதற்குப் பின் எஞ்சிய மூன்று வீதிகளிலும் படம் ஒருமுறைகூடப் பிசகவில்லை. தேர் நிலைக்கு வந்தது. ஒத்தை அண்ணாச்சி வேலையை விட்டு நீக்கப்பட்டார்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். பிறகு இரும்புக் கடைக்கும் போய்ச் சொன்னேன். அங்கே எனக்குக் கிடைத்த மரியாதையை இங்கு அச்சிடுவதற்கில்லை. முதலாளி உடனே ஆள் விட்டு ஒத்தை அண்ணாச்சியைத் திரும்ப அழைத்துக்கொண்டார். பெட்டிகளும் தப்பின.

அன்று மாலையே அவர் என் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்தார். நன்றி கூற வந்திருக்கிறார் என்று எண்ணி எழுந்து நின்றேன்.

"உமக்குப் புத்தி இருக்கா வாத்தியாரே? முடிஞ்சு போன சோலிய ஏன்வே கிளறினீரு?"

"உமக்கு வேலை போய்விட்டதே!"

"எனக்கு மேலப்பாளையத்துல கூப்பிட்டாக, போயிருப்பேன். நீரு இந்தத் தெருவுலல்லா காலையிலயும் சாயங்காலமும் நடக்கணும்? இரும்புக் கடையத் தாண்டித்தான உம்ம வீடு? அத யோசிச்சீரா?"

நான் யோசித்திருக்கவில்லை. அவர் யோசித்திருக்கிறார்; அதுவும் அந்தச் சந்தடியில், அத்தனை பேர் ஏசிக்கொண்டிருந்த ஒரு நிமிடத்துக்குள். என் மானத்தைக் காக்க என்னைக் கேளாமலே உரிமை எடுத்துக்கொண்ட அந்தத் திமிரை நான் இன்றளவும் மன்னிக்கவில்லை.

இரும்புக் கடைக்காரர் என்னோடு பத்து நாளில் பேசிவிட்டார். ஒத்தை அண்ணாச்சி மறுபடி என்னோடு பேச ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் தெருவில் சைக்கிள் மணி ஒலிக்கும்போதெல்லாம் நான் கையிலிருந்த புத்தகத்தை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன்.