நூற்றுவர் தலைவனுக்கு ஒரு துவக்கு

ஸ்ட்ரெதம், லண்டன்
24-03-2008, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள்

அன்புள்ள மச்சான் செபஸ்தியாம்பிள்ளைக்கு,

ஸ்ட்ரெதத்திலிருந்து செபமாலைமுத்து எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். அங்கே நீரும், என் தங்கை அருமைநாயகியும், கலியாணப் பெண்ணாகிய உங்கள் மகள் பிறேமினியும் குறையில்லாமல் இருக்கத் தேவமாதாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஹூஸ்டனில் நீர் தோட்டா போட்டுச் சுடும் கைத்துவக்குக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டதாகவும், அதை இடுப்பில் வைத்துச் சட்டையால் மூடிக்கொண்டுதான் திரியவேண்டும், வெளியே தெரிந்தால் குற்றம் என்றும் எழுதியிருந்தீர். அந்தப் பந்தியை நான்கு தரம் வாசித்தேன். வைத்திருக்க உரிமை உண்டு, காட்ட உரிமை இல்லை என்றால் அது எந்த வகை உரிமை என்று எனக்கு விளங்கவேயில்லை. வீட்டுக்காரி அஞ்சலீனாவிடம் கேட்டேன். "சங்கிலி வாங்கித் தாறியள், ஆனா வெளியிலை தெரியப் போட்டுக்கொண்டு போக விடமாட்டியள். அதே உரிமைதான்" என்று சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தச் சட்ட ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்னைப் பொலிஸ் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டது.

எங்கள் பங்குக் கோவிலில் இந்த முறை யேசுவின் பாடுகளின் நாடகத்தைப் பழக்கியவர் லலிதா என்ற மலேசியாப் பிள்ளை. படிக்க வந்து, பிறகு இங்கேயே கணக்காளராக வேலை எடுத்துத் தங்கிவிட்டவர். எனக்கு நூற்றுவர் தலைவன் வேஷம். எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் தந்தார். என் தாளில், "முதற் காட்சி: நூற்றுவர் தலைவன், செபமாலைமுத்து. துவக்கு" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. ரோமாபுரிச் சேவகனுக்கு ஈட்டிதானே, துவக்கு எங்கே இருந்து வந்தது என்று முதலில் யோசித்தேன். பிறகு, படித்த பிள்ளை நாடகத்தை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது, நாங்கள் ஊரில் பார்த்த சேவகரெல்லாம் துவக்கோடுதானே காவல் நின்றார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இருந்தாலும் ஒருமுறை போனில் கேட்டேன். "பிள்ளை, துவக்கு நான்தானோ?" "ஆமா அங்கிள், துவக்கு உங்க கையிலதான் இருக்கு, மறந்திடாதீங்க" என்றார். இதைவிட ஒருவர் எப்படித் தெளிவாகச் சொல்ல முடியும்?

மகன் டெனுசன் சின்ன வயதில் விளையாடிய கறுப்புத் துவக்கு ஒன்று அலுமாரிக்கு மேலே கிடந்தது. பிளாஸ்ரிக்தான், ஆனால் பார்வைக்கு அசல். இதை ஒளித்துக் கொண்டு போவதா, தெரியக் கொண்டு போவதா என்பதுதான் அடுத்த கேள்வி. உம்முடைய கடிதத்தை வைத்துக்கொண்டு முடிவெடுத்தேன். நீங்கள் அங்கே வீதியின் வலப்பக்கம் ஓடுகிறீர்கள், நாங்கள் இடப்பக்கம். நீங்கள் ஒளிக்கவேண்டும் என்றால் நாங்கள் காட்டவேண்டும். மேலும், ஒளிப்பவன்தான் கள்ளன், நேர்மையானவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? ஆகவே உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு மெல்லிய பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, ஒத்திகைக்குப் போக, விம்பிள்டன் போகும் 57ஆம் நம்பர் பஸ்ஸில் முன்சீற்றில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி பையைப் பார்த்தார். நான் மரியாதைக்குச் சிரித்தேன். அவர் எழும்பி மேல் தட்டுக்குப் போய்விட்டார். அந்த வயது முழங்காலோடு எப்படி ஏறினார் என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கும்போதே வழியில் ரூட்டிங் என்ற இடத்தில் பஸ் நின்றது, எஞ்சினும் நின்றது.

வந்தவர்களின் கையில் உண்மையான துவக்கு. இந்த நாட்டில் வழக்கமான பொலிஸ்காரரிடம் துவக்கே கிடையாது மச்சான், இதற்கென்று தனியாக ஆட்கள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒளிக்காமல் தெரியத்தான் பிடித்திருந்தார்கள், அதையும் கவனித்துக்கொண்டேன். கையை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினேன்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரம் சாவுக்கு நான் பயப்படவில்லை. என் சட்டைப் பையில் குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு வரச்சொன்ன ஹோம் ஒவ்பீஸ் கடிதம் இருந்தது. அதில் நன்னடத்தை, நன்னடத்தை என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தது. அகதிப் பயணப் பத்திரத்தோடு உம்முடைய நாட்டு விசாவுக்கு இரண்டு தரம் போய், இரண்டு தரமும் இல்லை என்று திரும்பியவன் நான். தங்கை நாயகியைக் கண்டு பத்தொன்பது வருஷம். பாஸ்போர்ட் கிடைத்தால்தான் ஓகஸ்டில் பிறேமினியின் கலியாணத்துக்கு வரலாம். பத்தொன்பது வருஷத்தை ஒரு விளையாட்டுச் சாமானுக்குக் கொடுத்துவிட்டேனே என்று நெஞ்சு வெடித்தது.

ஸ்டேஷனில் இருந்த சார்ஜன்ற் பொறுமைசாலி. நானும் விடாமல் கேட்டேன், அவரும் விடாமல் சொன்னார். பொய்த் துவக்கென்றாலும் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கொண்டு திரியக்கூடாதாம். ஒளித்தாலும் குற்றம், காட்டினாலும் குற்றம். "காரணம் இருக்கோ?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி லலிதாவின் தாளை எடுத்து நீட்டி, இந்தா, எழுத்திலேயே இருக்கிறது என்றேன். அவர் லலிதாவுக்குப் போன் போட்டு, நான் எழுத்தெழுத்தாகச் சொன்ன சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். லலிதா, "ஆரம்பி" என்று அர்த்தம் என்றாராம். நாடகத்தை அங்கிள்தான் ஆரம்பித்து வைக்கிறார், துப்பாக்கி ஒன்றும் கிடையவே கிடையாது என்றாராம். மச்சான், நாங்கள் "தொடங்கு" என்பதை அவர்கள் "துவக்கு" என்கிறார்கள். நாங்கள் துவக்கு என்பதை அவர்கள் துப்பாக்கி என்கிறார்கள். இருந்த ஒரேயொரு காரணமும் போய்விட்டது.

என் கெஞ்சலில் சார்ஜன்ற் எங்கள் பங்குச் சுவாமி கிறிஸ்துநாயகத்துக்கும் போன் எடுத்தார். சுவாமி எங்கள் ஊர்ப்பக்கத்து மன்னார் ஆள். துவக்கென்றால் துவக்குத்தான், சுடுகிற சாமான் என்று அடித்துச் சொன்னாராம். சார்ஜன்ற் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒருவர் ஆரம்பி என்கிறார், ஒருவர் துப்பாக்கி என்கிறார். உங்கள் மொழியில் இரண்டும் ஒன்றா?" "ஐயா, நீங்கள் ஓட்டப்பந்தயத்தை எதனால் தொடங்குகிறீர்கள்?" என்று கேட்டேன். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னார், "துப்பாக்கியால்." "அதுதான் ஐயா. நாங்கள் ஒரு சொல்லை மிச்சம் பிடித்திருக்கிறோம்." அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்திவிட்டது. நாடகத்துக்கு என்றாலும் பெட்டியில் பூட்டி, சுவாமியின் கடிதத்தோடு கொண்டு போகவேண்டும் என்று புத்தி சொல்லி, துவக்கை வைத்துக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார். வழக்கு இல்லை. பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

அந்தப் பெயர் எழுதியதுதான் நித்திரையைக் கெடுத்தது. பிறகு தெரிந்து பிடிபடுவதை விட நானே சொல்வது நல்லது என்று நடந்ததையெல்லாம் ஹோம் ஒவ்பீஸுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். "வாயாலை கெட்டது காணாதெண்டு பேனையாலையும் கெடப்போறியளோ?" என்று அஞ்சலீனா அழுதாள். பதில் இன்னும் வரவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்தை வெறுங்கையோடு நானே தொடங்கிவைத்தேன். இனி அந்தச் சொல்லை யார் சொன்னாலும், எங்கே சொன்னாலும், நான் அசையப்போவதில்லை. நாலும் பட்டுத் தெளிந்தவன் சொல்கிறேன், நீரும் அந்தச் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

எனக்காக ஒரு காணிக்கை மாதா செபம் சொல்லச் சொல்லி நாயகியிடம் சொல்லும். பிறேமினிக்கு நெற்றியில் சிலுவை போட்டதாகச் சொல்லும். மாதா உங்கள் வீட்டுப்படியில் காவல் இருப்பாவாக.

அன்பு மைத்துனன்,
செபமாலைமுத்து

பி.கு. (மே 19): முடிவு தெரியட்டும் என்று அஞ்சலீனா இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவிடவில்லை. முடிவு தெரிந்துவிட்டது. இன்று காலை நகரசபை மண்டபத்தில் சத்தியப்பிரமாணம். வயதில் மூத்தவன் என்று என்னை முதல் ஆளாக வாசிக்கச் சொன்னார்கள். தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, எந்த வரியில் தொடங்குவது என்று தேடினேன். பின்வரிசையில் கமராவோடு இருந்த லலிதா, "அங்கிள், துவக்குங்க!" என்றார். நான் தாளைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டேன். இந்த நாட்டு வழக்கம் இதுதான் என்று நினைத்து என் வரிசையில் நின்ற பதினொரு பேரும் தூக்கினார்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. நான் வாறன் என்று நாயகியிடம் சொல்லும். என்னைக் கூட்டிப்போக வரும்போது மட்டும் அந்தச் சாமானை வீட்டில் வைத்துவிட்டு வாரும் மச்சான். கட்டிப்பிடிக்கும்போது உம்முடைய இடுப்பில் தட்டுப்பட்டதென்றால், பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு என் தங்கை என்னைக் கையைத் தூக்கிய கோலத்தில்தான் காண்பாள்.