வருடத்துக்கு இரண்டு நாள் ஆலோசகர்

கிருமிகளையெல்லாம் வகை பிரித்துப் பெயர் வைத்தவர்கள், கிருமிகளை ஆராயும் இடத்துக்கு வருடத்தில் இரண்டு நாள் வந்து போகும் ஓர் உயிரினத்தை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். அதற்கு அறிவியல் ஆலோசகர் என்று பெயர். கடிக்காது. கேள்வி கேட்கும்.

ஆர்.என்.ஏ.வையும் தொற்றுநோயையும் ஆராயும் ஒரு நிறுவனம். ஆலோசகர் வருகிறார் என்றால் அங்கே ஒரு வாரத்துக்கு ஆராய்ச்சி நடக்காது. மேசைகளைத் துடைப்பார்கள், சுவரில் படங்களை ஒட்டுவார்கள், ஆறு மாதமாக ஓடாத இயந்திரத்தில் விளக்கை மட்டும் எரியவிடுவார்கள். அவர் வந்து முன்வரிசையில் சாய்ந்து, கண்ணை மூடி, கடைசிப் படம் திரையில் விழும் நேரத்துக்குச் சரியாக விழித்துக்கொண்டு, "எனக்கு ஒரே ஒரு சின்னச் சந்தேகம்" என்பார். அது சின்னதும் இல்லை, சந்தேகமும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் அவர் எழுதிய கட்டுரை. அது முடிந்ததும், "இதை எலியில பார்த்தீங்களா?" பார்த்தோம் என்றால், "எலியில எதுக்குப் பார்த்தீங்க?" இரண்டுக்கும் தலையாட்டி இயக்குநர் குறித்துக்கொள்வார்.

நான் சொல்லும் ஆலோசகருக்கு ஆய்வுக்கூடத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

உள்ளே ஓர் ஆராய்ச்சி மாணவி ஐஸ் பெட்டியோடு நின்றிருந்தாள். நிமோனியாவில் படுத்திருந்த ஒருவரின் சளியிலிருந்து அவள் பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ. அதில் இருந்தது. ஒரே ஒரு டியூப். அந்த மனிதர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டதால் (நல்லதுதான், யார் இல்லை என்றது?) இனி அந்தச் சளி கிடைக்காது. மூன்று வருட உழைப்புக்கு அதுதான் கடைசிச் சான்று, மறுநாள் சோதனை. ஆர்.என்.ஏ.வோ மகா தொட்டாற்சிணுங்கி. நம் விரல் பட்டாலே துண்டு துண்டாகிவிடும். அதனால் கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. கீழே இருந்த கையெழுத்து ஆலோசகருடையது.

"ஆர்.என்.ஏ.ங்கறது பச்சைக் குழந்தைம்மா, பக்குவமா தொடணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் டியூபை வெறுங்கையால் எடுத்தார்.

"சார், கிளவுஸ்..."

"எனக்கு எதுக்கும்மா? இந்தக் கை எவ்வளவு பார்த்திருக்கு."

மூடியைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமே காணோமே. வெறும் தண்ணியால்ல இருக்கு."

ஆர்.என்.ஏ. கண்ணுக்குத் தெரியாது என்று அவரே புத்தகம் எழுதியிருக்கிறார். இருந்தாலும் ஒரு சமாதானத்துக்காக, டியூபின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து இரண்டு குலுக்குக் குலுக்கினார். மாணவி இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் கூரையைப் பார்த்தார். எனக்கு ஆலோசகரைவிட அந்த இயக்குநர்மேல்தான் கோபம்.

மறுநாள் சோதனையில் வெறும் துணுக்குகள்தான் தெரிந்தன. மாணவி நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அந்த மாதமே ஆலோசகரின் அறிக்கையும் வந்து சேர்ந்தது. மாதிரிகளைக் கையாள்வதில் கவனம் போதவில்லை. மாணவியின் ஆராய்ச்சியை நிறுத்திவைக்கலாம். இத்தகைய தவறுகளைத் தவிர்க்க ஆலோசகர் இனி வருடத்துக்கு நான்கு நாள் வருவது அவசியம். இயக்குநர் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குள் ஒரு குரல் கேட்டிருக்குமே? 'அந்தப் பொண்ணு வெடுக்குனு பிடுங்கியிருக்கலாம். முன்னாடியே ரெண்டு டியூபாப் பிரிச்சு வச்சிருக்கலாம். நானா இருந்தா...' சொல்லுங்கள், கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆய்வுக்கூடத்து வாசலைக்கூட மிதித்ததில்லை என்பதெல்லாம் ஒரு தடையே இல்லை. அடுத்த ஆலோசகர் குழுவில் உங்களையும் சேர்க்கச் சொல்கிறேன். வரும்போது கைகள் இரண்டும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.