நெசமாண்ணன் தொடப்போன கானல்

தன் கண்ணைத் தானே நம்பாத மனிதர் இந்த ராமநாதபுரம் சீமையிலேயே ஒருவர்தான் உண்டு. கூடவே வேலை பார்த்த எனக்கே அவருடைய இயற்பெயர் மறந்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும், ஏன், தானே எதைப் பார்த்தாலும், “நெசமாவா?” என்று கேட்டுவிட்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். அதனால் அவர் நெசமாண்ணன்.

அப்போது தனுஷ்கோடியை இன்னும் கடல் கொண்டுபோகவில்லை. அங்கே இலங்கைக்குக் கருவாடும் மிளகாய் வற்றலும் அனுப்புகிற ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தாமதம், ஒருவர் நேரே வந்து என் கன்னத்தை நறுக்கென்று கிள்ளினார்.

“புதுசா ஒரு தம்பி வந்திருக்காருன்னு சொன்னாக. சொல்றவுக ஆயிரம் சொல்லுவாக. அதான் பாத்துக்கிட்டேன்” என்றார்.

“பாக்குறதுக்குக் கண்ணு இருக்குல்லண்ணே?”

“கண்ணா? அது கோள்மூட்டி தம்பி. பாதியத்தான் பாக்கும். மீதிய மனசு தன் இஷ்டத்துக்குச் சேத்துச் சொல்லிக்கிரும்.”

இதை அவர் மிளகாய் மூட்டைக்குள் கையை விட்டுக்கொண்டே சொன்னார். பிறகு அதே கையால் கண்ணைக் கசக்கிவிட்டு, சாயங்காலம் வரை அழுதுகொண்டே வேலை பார்த்தார். “அந்தக் கண்ணுக்கு இது வேணும்” என்றார்.

இலங்கைக் கப்பலிலிருந்து ஒருநாள் ஒரு கனவான் இறங்கினார். முறுக்கிவிட்ட மீசை காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. “நெசமாவா?” என்று யாரோ முனகியது கேட்டு நான் திரும்புவதற்குள் அண்ணன் அதைப் பிடித்து இழுத்துவிட்டார். மீசை கையோடு வந்துவிட்டது. கப்பல் துறையே விக்கித்துப் போய் நின்றது. அவர் ஒரு நாடகக்காரராம். பெண் கொடுக்கப்போகிற வீட்டார் ரயில் ஸ்டேஷனுக்கு வருகிறார்களே என்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எல்லோரையும்விட அதிகமாக அதிர்ந்தவர் அண்ணன்தான். மீசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “எம்புட்டு ஆசையா நம்பினேன்!” என்று புலம்பினார்.

இதெல்லாம் அவருடைய கல்யாணத்துக்கு முன்னால் எம்மாத்திரம்! கமுதியில் அவர் வீட்டு வாசல் பந்தலில், நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர் தாலியை எடுத்துக் கொடுத்ததும் கையில் வாங்கிக்கொண்டு, மறு கையால் மணப்பெண்ணின் கன்னத்தைக் கிள்ளினார். நாயனக்காரர் மூச்சு விட மறந்தார். பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“கோவிச்சுக்காதீக மாமா. பொண்ணு பாக்க வந்தப்ப விளக்கு வெளிச்சத்துலதான் பாத்தேன். நாமளா நெனச்சுக்கிட்டதோ என்னமோன்னு...”

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. “நானும் நெசந்தான், வலியும் நெசந்தான். சீக்கிரம் கட்டுங்க” என்றாள். கட்டினார்.

இந்த வியாதி எப்படி வந்ததென்று அன்று விருந்துச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போதுதான் எனக்குச் சொன்னார். மழையைக் காணாத ஊர்க்காரர். முதன்முதலாகத் தனுஷ்கோடி மணலில் நடந்தபோது, எதிரே தளும்பத் தளும்ப ஒரு ஏரியைப் பார்த்திருக்கிறார். கடல் தண்ணீர் இல்லை, நல்ல தண்ணீர் ஏரி, கரையில் மரங்கள்கூட. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியிருக்கிறார். அவர் ஓட ஓட ஏரியும் ஓடியிருக்கிறது. கடைசியில் சுடுமணலில் குப்புற விழுந்ததுதான் மிச்சம்.

“கமுதிக்காரனுக்குத் தண்ணியக் காட்டி ஏமாத்தலாமா தம்பி?” என்று கேட்டார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஒரு கோடைக்காலத்து மத்தியானம். காற்று செத்துப்போய்க் கிடந்தது. வடக்கே, அலை அடிக்காததால் பெண்கடல் என்று நாங்கள் சொல்லும் கடல், எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் இருந்தது. வெளியே ஒரே கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால், கடலுக்கு மேலே ஆகாசத்தில் ஒரு வள்ளம் தலைகீழாகத் தொங்குகிறது! அதில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் அசைகின்றன.

மானேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “கானல். வெயில் காலத்துல இப்படித்தான் தெரியும். எல்லாரும் போய் வேலையப் பாருங்க.”

“நெசமாவே கானல்தானா?” என்றார் நெசமாண்ணன்.

“என்னண்ணே இது? கண்ண நம்பாதன்னு நீங்கதானே சொல்வீக?”

“ஆமா, நம்பாதன்னேன். கானல்னு எத வச்சுச் சொல்றாரு? அவரும் கண்ணாலதானே பாத்தாரு? தொட்டுப் பாக்காம எப்படித் தம்பி சொல்றது?”

மானேஜர், “கானலைத் தொட்டுப் பாக்கப் போறீரா?” என்பதற்குள் அண்ணன் கரையில் காதர் பாயின் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். காதர் பாய் மீன்பிடிக்காரர், பொறுமைசாலி. அவரே தலையில் கை வைத்துக்கொண்டார்.

“யா அல்லா! வானத்துல தொங்குறதப் பிடிக்க எங்கிட்ட வல இல்ல, மச்சான்!”

“பிடிக்க வேணாம் பாய். தொட்டுட்டு வந்துருவோம்.”

இவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் ஏறினேன். காற்றில்லாததால் துடுப்புத்தான். கொஞ்ச தூரம் போனதும் ஆகாசத்து வள்ளம் கலங்கி, நீண்டு, கரைந்தே போய்விட்டது. எங்களைச் சுற்றி வெறும் கடல்.

“இல்லாமப் போயிருச்சு. திரும்புவமா?” என்றார் காதர் பாய்.

“இல்லன்னும் நாமளாச் சொல்லிக்கிறக் கூடாது பாய். இன்னுங் கொஞ்சம் போங்க.”

கைகள் மரத்துப்போகும்வரை துடுப்புப் போட்டோம். திடீரென்று காதர் பாய் துடுப்பை நிறுத்தினார். அவர் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

எதிரே, நிஜக் கடலில், நேராக ஒரு வள்ளம். பாய்மரம் ஒடிந்து தொங்கியது. தொண்டியிலிருந்து கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம். முந்தின நாள் சுழற்காற்றில் மாட்டி, மரம் முறிந்து, துடுப்பும் போய், குடிக்கத் தண்ணீர் தீர்ந்து மிதந்துகொண்டிருந்தார்கள். கத்தக்கூட அவர்கள் தொண்டையில் சத்தமில்லை. கரையில் நாங்கள் ஆகாசத்தில் வேடிக்கை பார்த்தது இவர்களைத்தான்.

வள்ளம் வள்ளத்தோடு உரசியது. ஊரில் ஒரு கன்னத்தை விட்டுவைக்காத நெசமாண்ணன் கல்லாய்ச் சமைந்திருந்தார்.

“தொட்டுப் பாருங்கண்ணே” என்றேன்.

“வேணாம் தம்பி.” கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “கைய நீட்டி, இல்லன்னு ஆயிருச்சுன்னா?”

அப்போது அந்த வள்ளத்தின் விளிம்பில் சாய்ந்திருந்த ஒரு பெண், கைக்குழந்தையை மடியில் போட்டபடி, மெல்லக் கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டாள். விரல் நுனியால் மூக்கை, மீசையைத் தடவிப் பார்த்தாள்.

“நெசமாவே ஆளுதானா?” என்று கேட்டாள். “காலையிலருந்து எத்தனையோ வள்ளம் வந்துச்சு. கிட்டக்க வந்ததும் ஒண்ணுமே இல்ல.”

அண்ணன் உடைந்துவிட்டார். “ஆளுதான் தாயி. ஆளுதான்” என்று தேம்பிக்கொண்டே எங்கள் வள்ளத்திலிருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் முதல் வாயைக் குழந்தைக்குப் புகட்டினாள். காதர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

பொழுது சாய்வதற்குள் வள்ளத்தைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தோம். “என்னய்யா, கானல் கிடைச்சுதா?” என்று சிரித்துக்கொண்டே வந்த மானேஜர், மணலில் ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்துத் தொப்பென்று ஒரு கருவாட்டுச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்தார்.

கொஞ்ச நாளில் நெசமாண்ணனைத் தூத்துக்குடிக் கிளைக்கு மாற்றினார்கள். ஆபீஸ் ஒழுங்காக நடந்தது. யாரும் யாரையும் கிள்ளவில்லை. சரக்கு வந்தது என்றால் வந்தது, போனது என்றால் போனது. ஒரு மாதம்தான் தாங்கினேன். எனக்கும் தூத்துக்குடிக்கு மாற்றல் வேண்டும் என்று மானேஜர் முன்னால் போய் நின்றேன்.

“தூத்துக்குடியில உமக்கு யாரு இருக்கா?” என்றார் அவர்.

“எங்க அண்ணன் இருக்காக” என்றேன்.