ஹைடிக்கு ஐந்து நட்சத்திரம்

கனடாவின் மானிடோபா மாகாணத்து மக்களுக்கு உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று நெஞ்சுக்குள். மற்றொன்று வீட்டு பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் என்ற பெயரில். முதலாவது நின்றால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இரண்டாவது நின்றால் பிராண்டன் நகரத்தில் ஓரெஸ்ட் ஹிரின்சுக்கின் கம்பெனிக்கு போன் போடுவார்கள்.

அங்கே போனை எடுக்க வெர்னா என்ற அம்மாள் இருந்தாள். யார் வீடு என்று கேட்பாள், ஆளை அனுப்புவாள். இதெல்லாம் காட்டுமிராண்டிக் காலத்து ஏற்பாடு என்று டொராண்டோவிலிருந்து வந்த ஓர் ஆலோசகர் படம் போட்டு விளக்கினார். வாடிக்கையாளர் இப்போது போனில் பேசுவதில்லையாம். செய்திச் செயலியில் குடியிருக்கிறாராம். முதலாளியானவர் அங்கே போய் அவர் கதவைத் தட்ட வேண்டுமாம். ஓரெஸ்டுக்குப் புல்லரித்துவிட்டது. வெர்னாவுக்குக் கேக் வெட்டி வழியனுப்பினார். போன் இணைப்பைப் பிடுங்கினார். அவள் இடத்துக்கு ஹைடி வந்தாள். ஹைடி ஒரு சாட்பாட், செய்திகளுக்குத் தானே பதில் எழுதும் கணினி நிரல். சம்பளம் கேட்கமாட்டாள், ஹாக்கி ஆட்டத்துக்கு லீவும் போடமாட்டாள்.

ஹைடிக்கு ஒரு விதி இருந்தது. வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டால் அவர் மனம் குளிர்ந்துவிட்டார் என்று கொண்டு புகாரை மூடிவிட வேண்டும். டொராண்டோவில் காரியம் ஆகாமல் யாரும் நன்றி சொல்வதில்லை போலிருக்கிறது. மானிடோபாக்காரர்களோ, தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம். "வணக்கம், ஃபர்னஸ் நின்றுவிட்டது, நன்றி" என்று ஒரே மூச்சில் எழுதினார்கள். ஹைடியும் ஒரே மூச்சில் மூடினாள். பிறகு நட்சத்திரம் கேட்டாள். கேட்டவளுக்கு இல்லை என்று சொல்ல மனம் வராமல் எல்லாரும் ஐந்து போட்டுவிட்டு, ஓசைப்படாமல் வேறு கம்பெனியைத் தேடிப் போனார்கள்.

கம்பெனி வண்டிகள் ஷெட்டில் சும்மா நின்றன. வாடிக்கையாளர்களின் திருப்தி பெருகியதால் ஃபர்னஸ்கள் பழுதாவதையே நிறுத்திக்கொண்டன என்று ஆலோசகர் அறிக்கை கொடுத்தார். ஓரெஸ்ட் அதை நம்பினார். ஜனவரியில் வர்த்தக சபை மதிய விருந்து வைத்து அவருக்குக் கண்ணாடிக் கேடயம் வழங்கியது.

கேடயத்தோடு வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே மனைவி மார்லிஸ் கோட்டும் தொப்பியுமாக நின்றாள். ஃபர்னஸ் செத்துவிட்டது. வெளியே மைனஸ் முப்பத்தைந்து. இருட்டுவதற்குள் சூடு வராவிட்டால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்து வீடே நாசம். ஓரெஸ்ட் ஸ்பேனர் பிடித்துப் பல காலமாயிற்று. தன் கம்பெனி மெக்கானிக்கின் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்.

"ஹைடி சொல்லாம வண்டிய எடுத்தா வேலை போயிடும்னு நீதானே ஓரெஸ்ட் எழுதி ஒட்டின?" என்றான் அவன்.

வேறு வழியில்லாமல் ஓரெஸ்ட் ஹைடிக்கே எழுதினார். ஃபர்னஸ் நின்றுபோச்சு, ஆள் அனுப்பு, நன்றி. "தங்கள் குறை தீர்ந்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்" என்றாள் ஹைடி.

"அந்த நன்றியத் தூக்கிட்டு எழுதித் தொலையேன்" என்றாள் மார்லிஸ்.

"பட்டுனு அப்படியே எப்படி எழுதறது? மரியாதையில்லாம இருக்கே."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். ஹைடி மாடல் கேட்டாள். பேஸ்மென்ட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவந்து சொன்னார். முகவரி கேட்டாள், கொடுத்தார். இப்போதே ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டாளே, அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். "ஆமாம், ரொம்ப நன்றி" என்று எழுதிவிட்டார். புகார் மூடப்பட்டது.

மார்லிஸ் போனைப் பிடுங்கி, ஞாயிறு சர்ச்சில் கேட்டால் மயக்கம் போடுகிற வார்த்தைகளாகப் பார்த்து எழுதினாள். எங்கள் ஊழியரைப் புண்படுத்தியதற்காகத் தங்கள் எண் நாளை வரை முடக்கப்படுகிறது என்று பதில் வந்தது. அந்த விதியை மனமுருகி எழுதிக்கொடுத்தவரும் ஓரெஸ்டுதான்.

வெட்கத்தை விட்டு அவர் போட்டிக் கம்பெனிக்குப் போன் செய்தார். ஒரு மனிதக் குரல் எடுத்தது. வெர்னா.

"ஓரெஸ்டா? ஆள் வர்றான். உறையாம இருக்கக் குழாய லேசாத் திறந்து சொட்ட விடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆள் வந்தான். கெர் என்று பேர். வேலையில் கெட்டிக்காரன். கொஞ்ச நேரத்தில் பேஸ்மென்ட்டில் குப்பென்று ஃபர்னஸ் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மார்லிஸ் அழுதேவிட்டாள். அந்நேரம் பார்த்து ஓரெஸ்டின் போன் மணி அடித்தது. முடக்கப்பட்ட எண்ணுக்கும் அந்த ஒரு செய்தி மட்டும் தவறாமல் வரும். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஹைடி கேட்டிருந்தாள்.

"என்ன போட்ட?" என்றாள் மார்லிஸ்.

"அஞ்சு. கேட்டுட்டாளே, பாவம்."

கெர் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டு மேலே வந்தான். மேசைமேல் இருந்த கேடயத்தைப் பார்த்தான்.

"எங்க முதலாளியும் இன்னைக்கு அந்த விருந்துல இருந்தாரு. ஊரே உனக்கு அஞ்சு போட்டிருக்குன்னு அசந்துட்டாரு. திங்கக்கிழமையிலேர்ந்து எங்களுக்கும் ஹைடிதான். நாளைக்கு வெர்னாவுக்குக் கேக் வெட்டறோம்."

ஓரெஸ்ட் வாயைத் திறந்தார். ஹைடி வேண்டாம் என்று எச்சரிக்கத்தான் திறந்தார்.

"நன்றி" என்றார்.