ஊரைப் பார்க்காத பெட்டிகள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, உன் தம்பி வணங்கி எழுதுவது.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். இங்கே அனைவரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. மனசைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதால் நானே எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிடா, விடு" என்பாய். அந்த "சரிடா"வை இன்னொரு தடவை கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. அதனால்தான் கடைக்குப் போய்த் தாளும் உறையும் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். உறை கேட்டதற்குக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷமும் நாங்கள் வரவில்லை.

கோபப்படாமல் முழுக்கப் படி. செலவழிக்கச் செலவழிக்கப் பாயிண்ட் சேர்ந்து, அந்தப் பாயிண்டுக்கு இலவச டிக்கெட் தருகிற இந்த விமானக் கம்பெனியின் கார்டை நான் வாங்கியபோது சின்னவன் கைக்குழந்தை. மடியில் வைத்துக்கொண்டால் அவனுக்கு டிக்கெட்டே வேண்டாம், மூன்று பேருக்கான பாயிண்ட் சேர்ந்தால் போதும். சேர்ந்தும்விட்டது. அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். ஆனால் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே வருகிற வகுப்பில் வரலாமே, இத்தனை தூரம் பறந்து வந்து உன் வாசலில் கசங்காமல் இறங்கலாமே என்று ஒரு சபலம். சேர்ப்பதற்குள் மடியில் இருந்தவன் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டான், அவனுக்கும் தனி இருக்கை என்றாகிவிட்டது. சரி, நாலு பேருக்குச் சேர்ப்போம் என்று தொடங்கினேன். இப்போது அவனுக்கு மீசையே வந்துவிட்டது, இருக்கை மட்டும் வரவில்லை.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. இந்த வீட்டில் ஒரு சோப்புக் கட்டி வாங்கினாலும் அந்தக் கார்டில்தான். பக்கத்து வீட்டுக்காரர் பிரிட்ஜ் வாங்கக் கிளம்பினால் நானும் கார்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன், "பணத்தை என்கிட்ட குடுங்க, நான் தேய்ச்சுக்கிறேன்" என்று. வேலை செய்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில் எல்லோரும் சேர்ந்து வெளியே சாப்பிடப் போனால் பில்லைப் பாய்ந்து பிடுங்குவது நான்தான். ஆரம்பத்தில் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவரிடமும் போய்க் கை நீட்டியபோது அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள்.

சேர்த்தால் மட்டும் போதாது அக்கா, அதை உயிரோடு வைத்திருக்கவும் வேண்டும். ஒன்றரை வருஷம் கணக்கில் எந்த அசைவும் இல்லையென்றால் மொத்தப் பாயிண்டும் செத்துப் போகும் என்று இடையில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். சோப்பு வாங்குவதெல்லாம் அசைவில் சேராதாம், கம்பெனியின் கடையிலேயே எதையாவது வாங்கினால்தான் சேருமாம். அங்கே என் கைக்கு எட்டுகிற விலையில் இருந்தது பயணப் பெட்டி ஒன்றுதான். வாங்கினேன். அடுத்த கெடு வந்தபோது இன்னொன்று. இப்போது வீட்டில் எட்டுப் பெட்டிகள் நிற்கின்றன, எல்லாவற்றுக்கும் சக்கரம் உண்டு, ஒன்றுகூட இதுவரை தெருமுனையைத் தாண்டியதில்லை. ஒன்றில் போர்வை, ஒன்றில் பழைய பாடப் புத்தகங்கள், ஒன்றில் வெங்காயம். குழாய் பழுது பார்க்க வந்தவர் கூடத்தைப் பார்த்துவிட்டு, "எங்கயோ கிளம்புறீங்க போலிருக்கே?" என்றார். ஆமாம் என்றேன். "போன தடவை வந்தப்பவும் கிளம்பிட்டுத்தானே இருந்தீங்க?" என்றார். என் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் பேச்சு இப்போதெல்லாம் எப்படித் தெரியுமா? "உங்களுக்கு மொத்தம் மூணு பிள்ளைங்க. மூத்தது அந்தப் பாயிண்ட்டு. செல்லம் பூராவும் அதுக்குத்தான்." யாராவது அவசரப்பட்டுச் செலவழித்துவிடுவார்களோ என்று கணக்கின் கடவுச்சொல்லை நான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு.

இந்தத் தடவை நிஜமாகவே நெருங்கிவிட்டேன் அக்கா. கடையில் ஒரு பஸ் டிரைவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். அவரைப் பலகையில் உள்ள எழுத்துகளை மேலிருந்து படிக்கச் சொல்லிவிட்டு, ஒரு கண்ணைப் போனில் வைத்திருந்தேன். ஒரே விமானத்தில் நாலு இருக்கை! பாயிண்டுக்கு! "நாலு, நாலு!" என்று கத்திவிட்டேன். அவர் மிரண்டுபோய், "எனக்கு அப்படித் தெரியலையே சார், நல்லாப் பாருங்க" என்றார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் நாலு இரண்டாகிவிட்டது. அந்த அதிர்ச்சியில் நான் எழுதிக் கொடுத்த பவரில் கண்ணாடி செய்து போட்டுக்கொண்டு போன மனிதர், மறுநாள் பஸ்ஸை எடுப்பதற்கு முன்பே திரும்பி வந்தார். வாசற்படியைக் காலால் தேடித் தேடித்தான் உள்ளே வந்தார். முதலாளி என்னை அழைத்துப் பேசியதை நான் எழுதப் போவதில்லை.

பாயிண்டுக்கென்று ஒரு விமானத்துக்கு இரண்டு இருக்கைதான் ஒதுக்குவார்களாம், நாலு தென்பட்டதே அபூர்வமாம். சரி, இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால் என்று பிரிந்து வரலாம் என்று யோசனை சொன்னேன். பின்னால் வருகிற ஜோடி வழியில் வேறு ஊரில் இறங்கி, அடுத்த விமானத்துக்காக ஒரு பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். யார் அந்த ஜோடி என்று வீட்டில் பஞ்சாயத்து. பெரியவள், "அப்பாவும் அவரோட பாயிண்ட்டும் ஜோடியா வரட்டும்" என்றாள். இந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்தது: அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் இரண்டு மடங்கு பாயிண்ட் கொடுக்க வேண்டும். யார் எதில் என்று முடிவாகாமலே மாதமும் மாறியது, அதோடு முடிந்தது. இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது இனி இரண்டு பேர் போய் வரத்தான் காணும். காசு கொடுத்து நாலு டிக்கெட் வாங்க எனக்கு வக்கில்லை. அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டுத்தான் "காத்திருந்தா லாபம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

போன மாதம் நீ பேசியது காதிலேயே நிற்கிறது. முட்டி வலியால் கட்டிலைக் கீழ் அறைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னாய். "மேல் ரூமை உங்களுக்குன்னு அப்படியே வச்சிருக்கேன்டா" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "இல்லேன்னா நாங்களே ஒரு தடவை வந்துட்டுப் போறோமே" என்றாய். நான் வள்ளென்று விழுந்தேன். இங்கே பாயிண்ட் மலைபோலக் கிடக்கும்போது நீங்கள் காசைக் கரியாக்குவதா என்று எப்போதும் பாடுகிற பாட்டைப் பாடினேன். நீ "சரிடா, விடு" என்றாய். உன் குரல் முன்னைப்போல இல்லை அக்கா. சிறுவயதில் நான் ஷூ மாட்டி முடிப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்று எனக்கு ஆமை என்று பெயர் வைத்தாயே, அந்தப் பெயரைச் சொல்லிக்கூட நீ இப்போது திட்டுவதில்லை. உன்னைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அதற்கு வழிதான் தெரியவில்லை.

இந்த விதிகள் மாறும், மாறாமலா போய்விடும்? எனவே தயவுசெய்து இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள். மேல் அறையை யாருக்கும் விட்டுவிடாதே. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மாடிப் படி ஏறாதே. உன் ஆசி என் பிள்ளைகளுக்கு எப்போதும் வேண்டும். எனக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
ஆமை

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன். "யாருக்குங்க லெட்டர்?" என்றாள் மனைவி. அக்காவுக்கு என்றேன். அவளும் பெரியவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அனுப்பாதீங்க. அது போய்ச் சேர்றப்போ அங்க வாங்கிக்க ஆள் இருக்காது" என்றாள். உடனே உனக்குப் பேசப் போனை எடுத்தேன். அப்புறம்தான் சொல்கிறாள், நீயும் மாமாவும் வெள்ளிக்கிழமை இங்கே வருகிறீர்களாம். என் பாயிண்டில்! விலை ஏறுவதற்கு முன்பே, நான் குளிக்கப் போன நேரத்தில் என் போனை எடுத்து, நாலு பேர் அங்கே போக வழியில்லையென்றால் இரண்டு பேர் இங்கே வரட்டும் என்று பெரியவள் முடித்துவிட்டாளாம். அந்த இரண்டு இருக்கை என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது அக்கா, ஊருக்கெல்லாம் கண் பார்க்கிற எனக்குத் தெரியவில்லை. கடவுச்சொல் எப்படித் தெரிந்தது என்றேன். "ஆமைன்னு போட்டேன், உடனே திறந்துடுச்சு" என்கிறாள். அவளுக்குப் பாஸ்போர்ட் விவரமெல்லாம் கொடுத்துவிட்டு, நேற்றுக்கூட என்னிடம் பேசியபோது இதைப் பற்றி மூச்சே விடவில்லையே, நீயெல்லாம் ஒரு அக்காவா! கணக்கைத் திறந்து பார்த்தேன். கரைந்து போயிருந்ததைப் பார்த்து அழுகை வந்தது, பாயிண்டுக்காக இல்லை. மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே, கடிதத்தை விமான நிலையத்தில் கையிலேயே தருகிறேன். வருவதற்கென்று பெட்டி எதுவும் வாங்கியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன், திரும்பும்போது இங்கிருந்தே எட்டைக் கொண்டுபோகலாம். திரும்பும் டிக்கெட்டுக்கும் பாயிண்ட் மிச்சம் வைத்திருக்கிறார்கள். அதற்கு நல்ல தேதி பார்க்கிற வேலையை மட்டும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். நான் எதிலும் அவசரப்பட மாட்டேன் என்று உனக்குத் தெரியாதா என்ன?