டீக் ஹை மிலிட்டரியின் அப்பீல்

பாலக்கரையில் வாயாடிகள் நிறைய உண்டு. வாயால் கெட்டவர்களும் உண்டு. ஆனால் மூன்றே வார்த்தை பேசி, அதுவும் மரியாதையாகப் பேசி, குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியவர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலேயே ஒருத்தர்தான். எங்கள் காம்பவுண்டில் கடைசி வீட்டுக்காரர். பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, எங்களுக்கு அவர் டீக் ஹை மிலிட்டரி.

எழுபத்தொண்ணு பாகிஸ்தான் சண்டைக்கு அப்புறம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வடக்கே பனிமலையில் காவல் நின்றதில் இரண்டு பாதமும் கைவிரல்களும் மரத்துப்போயிருந்தன. நரம்பு செத்துப்போச்சு என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். பார்த்தால் ஒன்றும் தெரியாது. கால் இருக்கிறது, விரல் இருக்கிறது, மீசைகூட முறுக்கியிருக்கிறது. அதுதான் கஷ்டமே. கால் போயிருந்தால் ஊனமுற்றவர் பென்ஷன் கொடுத்திருப்பார்கள். கால் இருந்துகொண்டே இல்லாமல் போனதை எந்த ஆபீசில் காட்டுவது?

மார்க்கெட்டுக்குப் போனால் ஒற்றைச் செருப்போடு திரும்புவார். மற்றது கழன்றது அவருக்கே தெரியாது. பின்னாலேயே யாராவது அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள்.

ஒரு சித்திரை மாசம் உச்சிவெயிலில் காம்பவுண்டே ஸ்ரீரங்கம் கோவிலுக்குப் போனோம். கல்தரை கொதிக்கிறது. நாங்களெல்லாம் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடுகிறோம். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி சாவகாசமாக நடக்கிறார். ஒரு மாமி கை கூப்பிவிட்டாள்.

"பெருமாள் கடாக்ஷம் இவருக்குப் பரிபூர்ணமா இருக்கு. சூடே தெரியலை பாருங்கோ."

வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளம். கடாக்ஷம் ஆற ஒரு மாசம் ஆச்சு.

சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். போக்ஸ் கம்பி விரலில் ஏறியது தெரியாமல், கடைக்கு வந்த ஒருத்தருடைய வெள்ளை வேட்டியையெல்லாம் ரத்தமாக்கிவிட்டார். முதலாளி கும்பிடு போட்டு அனுப்பினார். அப்புறம் மிலிட்டரியின் சம்சாரம் கனகா அக்கா வீட்டிலேயே செயற்கை வைரக்கல் பட்டை தீட்டி அடுப்பு எரிந்தது. கல்லுக்குப் பளபளப்பு ஏற ஏற அக்காவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. பென்ஷன் வந்தால்தான் அக்கா கண்ணை மூடித் தூங்கலாம் என்கிற நிலை.

பென்ஷனுக்கு மெட்ராஸில் மிலிட்டரி டாக்டர்கள் போர்டு. முதல் தடவை இவர் உள்ளே போனார். எப்படி இருக்கே என்று கேட்டார்கள். இவர் விறைத்து நின்று, "டீக் ஹை சாப்" என்றார். நன்றாக இருக்கிறேன் ஐயா என்று அர்த்தம். நன்றாக இருக்கிறவருக்கு எதற்குப் பென்ஷன்? திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்பீல் போட்டோம். இந்தத் தடவை தயார் பண்ணித்தான் அனுப்புவது என்று காம்பவுண்டே இறங்கியது. ரேஷன் கடையில் எடை போடும் அந்தோணி அண்ணன்தான் டாக்டர். யாரிடமோ தொப்பி கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, கால் எப்படிய்யா இருக்கு என்று அதட்டினார்.

"செத்த கட்டை மாதிரி கிடக்குங்க. ஆணி ஏறினாலும் தெரியலைங்க" என்றார் மிலிட்டரி. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கே கண் கலங்கிவிட்டது. இதே மாதிரி சொன்னால் பென்ஷனை அங்கேயே கையில் கொடுத்துவிடுவார்கள் என்று அந்தோணி அண்ணன் சத்தியம் பண்ணி, கூடவே மெட்ராசுக்கும் போனார்.

போய் என்ன? கதவு திறந்தது. டாக்டர் தோளில் நட்சத்திரம் தெரிந்தது. இவருக்குக் குதிகால் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. டீக் ஹை சாப். துணையில்லாமல் நேராக நிற்கிறார் என்று சேர்த்து எழுதிவிட்டார்கள்.

"ஏன் மிலிட்டரி, காம்பவுண்டுல அவ்வளவு அழகாச் சொன்னீங்களே?"

"நானா சொல்றேன் அந்தோணி? அதுவா வருது."

மூன்றாவது தடவைதான் கடைசி அப்பீல். நானே வரேன் என்று கனகா அக்கா கிளம்பினாள். என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். வாய் திறக்காத நான் எதுக்குக்கா என்றேன். வாய் திறக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போய்த்தான் பார்த்தாச்சே என்றாள்.

டாக்டர் அறை வாசலில் நாங்கள் நிற்கிறோம். உள்ளே அதே மூன்று வார்த்தை கேட்டது. அக்கா தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஐயா, அவர் சொல்றது பொய்ங்க. நெருப்புப் பட்டாலும் அவர் காலுக்குத் தெரியாதுங்க."

"சாப்கிட்ட குறுக்கே பேசாதே" என்று இவர் அவளை அடக்கினார். அவளிடம் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

டாக்டர் கெட்டவர் இல்லை. பழைய காகிதங்களையெல்லாம் பொறுமையாகப் புரட்டினார். தமிழ்க்காரர்தான்.

"மலையில இருந்தப்போ இவர் ஒருநாள்கூட உடம்பு சரியில்லைன்னு சொல்லலைம்மா. தினம் காலைல கேட்டிருக்காங்க. நல்லா இருக்கேன்னுதான் பதில். இது பட்டாளத்தில வந்த நோய்னு நான் எதை வச்சு எழுதறது?"

பட்டாளத்தில் வரவில்லையாம். பின்னே பாலக்கரையிலா பனி கொட்டியது? இதைக் கேட்க என் நாக்கு துடித்தது. வழக்கம்போல உள்ளேயே மடிந்துகொண்டது. அப்பீல் தள்ளுபடி.

மறுநாள் பகல் ரயிலில் திரும்பினோம். அவருக்கு எதிர் சீட்டில் அக்காவும் நானும். கால் வீங்கியிருந்ததால் அவர் அதை எங்கள் சீட்டில் நீட்டியிருந்தார். செங்கல்பட்டு தாண்டியது. அப்புறம் அக்கா கேட்டாள்.

"அந்த மலையிலயாவது ஒரு தடவை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் படுத்தா இன்னொருத்தன் ஏறி நிக்கணும் கனகா. எனக்கு அடுத்த காவல் முறை ஒரு சின்னப் பையனுக்கு. கல்யாணம் ஆகி ஊர்லேர்ந்து வந்து ஒரு வாரம்கூட ஆகலை. அவனை எப்படி அனுப்புறது?"

அக்கா திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பக்கத்தில் கிடந்த அவர் பாதத்தின் மேல் கையை வைத்தாள். விழுப்புரம் வந்தது, விருத்தாசலம் வந்தது, எடுக்கவே இல்லை. அவர் வயல்வெளியைப் பார்த்துக்கொண்டே வந்தார். கால் மேல் கை இருப்பது அவருக்குத் தெரியாது. நான்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.