ஊசிச்சாமியும் செவலைப் பசுவும்

ஊசிச்சாமி வருகிறார் என்றதும் டத்தோ கிராமட் சாலையில் பாதிக் கடைகளில் ஆள் இல்லை. பக்கவாதத்தில் விழுந்தவனை ஒரே ஊசியில் எழுப்புகிறவராம். இதுவரை எழுந்து நடந்தவர் யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பாவமாம்.

அன்று சாமி வந்தது பால்காரர் பக்கிரிசாமியின் வீட்டுக்கு. மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் மரத்து விழுந்து, பேச்சும் போய், முந்தின வாரம்தான் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார். "கையை விடாமல் நீட்டி மடக்கிவிடு. கொஞ்சம் கொஞ்சமாக வரும்" என்று டாக்டர் அவர் மனைவி நவமணியிடம் சொல்லியிருந்தார். அவளும் தினமும் எண்ணெய் தேய்த்து மடக்கிவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக வருவதில் என்ன அதிசயம் இருக்கிறது? பக்கத்து வீட்டுச் சின்னம்மா சாமியை அழைத்து வந்துவிட்டாள்.

வாசலில், செவலைப் பசு கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், சுவரோரமாகக் கட்டில் போட்டார்கள். முகம் முதல் கால் வரை மஞ்சள் துணி. கூட்டத்தின் பக்கம் ஒரு கை மட்டும் வெளியே. சாமி ஊசியால் குத்தினார். கை அசையவில்லை.

"பாத்தீங்களா? இது இவன் கையில்ல, பேயோட கை!"

கூட்டம் வாயைப் பிளந்தது.

"தலை வடக்க இருக்கு. திருப்புங்கடா!"

சீடர்கள் இருவர் கட்டிலையே தூக்கித் திருப்பிப் போட்டார்கள். மந்திரம், புகை, உடுக்கை. மறுபடியும் ஒரு கை வெளியே வந்தது. மறுபடியும் ஊசி. துணிக்குள்ளிருந்து பக்கிரிசாமி "ஆ!" என்று அலறினார், கை துள்ளியது. கூட்டமும் துள்ளியது.

நவமணி துள்ளவில்லை. தினமும் தேய்க்கிற கை எது, தேய்க்காத கை எது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் சொன்னால் யார் கேட்பார்கள்? அவளுக்கும் பேய் பிடித்துவிட்டது என்று இன்னொரு கட்டில் போடுவார்கள்.

"பேய் வாதத்தைத் தூக்கிட்டு உங்க செவலைக்குள்ள போயிருச்சு" என்றார் சாமி. "மாடு இனி இங்க நிக்கக்கூடாது, நான் ஓட்டிட்டுப் போறேன். இவன் வலது கையை நெஞ்சோட கட்டிருங்க. ஒரு மண்டலம் யாரும் தொடக்கூடாது."

செவலை போனால் அடுப்பு எரியாது. கட்டிவைத்தால் கை மரமாகிவிடும். நவமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சாமி, இவரு வாதம் முழுசா மாட்டுக்குள்ள போயிருச்சா?"

"முழுசா போயிருச்சு தாயி."

"அப்ப செவலைக்கும் வலது பக்கம் மரத்திருக்கும்ல? அதே ஊசியால பின்னங்கால்ல ஒரு குத்து குத்திக் காட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

சாமி தாடியைத் தடவினார். "மாட்டுக்கு ஊசி குத்துறது... சாஸ்திரத்துல இல்ல தாயி."

பக்தர்கள் விடுவார்களா? இன்னொரு அதிசயம் கண்முன்னே காத்திருக்கிறது.

"குத்துங்க லா சாமி! மரத்த காலுதானே, என்ன பயம்?" என்று சின்னம்மாவே அவரைப் பின்னாலிருந்து தள்ளினாள்.

சாமி கண்ணை மூடிக்கொண்டு மெல்லத்தான் குத்தினார். செவலை மெல்ல உதைக்கவில்லை.

சாமி சாணக்குழியில் போய் உட்கார்ந்தார். ஊசி எங்கோ, உடுக்கை எங்கோ. சீடர்கள் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள்.

நவமணி துணியை உருவினாள். இடது கையில் புதிதாக ஒரு ரத்தப் பொட்டு. வலது கை, சுவர்ப் பக்கமாக, போட்டது போட்டபடி கிடந்தது.

"கட்டிலைத் திருப்பினாங்க, கை மாறிருச்சு. அவ்வளவுதான் மந்திரம்" என்றாள்.

சின்னம்மாவுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "அப்ப பேய் எங்கதான்டி போச்சு?"

பக்கிரிசாமி பாதி வாயால் சிரித்தார். இடது கையைத் தூக்கிச் சாணக்குழியைக் காட்டினார்.

நவமணி கட்டிலில் உட்கார்ந்து, வலது கைவிரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கத் தொடங்கினாள். அதைப் பார்க்கக் கூட்டம் நிற்கவில்லை.

மாட்டுக்கு ஒரு குத்துப் போதுமாக இருந்தது. நமக்கு எத்தனை வேண்டும் என்று அடுத்த சாமி வருவதற்குள் யோசித்து வைப்போம்.